வேலூரிலிருந்து ஜவ்வாது மலை வட்டம்: நண்பர்களோடு முதல் நெடும்பயணம் போகிறவர்களுக்கு

நாலு நண்பர்கள் சேர்ந்து பைக்கில் வெளியூர் போகலாம் என்று பேச்செடுத்தால் வேலூரில் முதலில் வருகிற பெயர் ஊட்டி. ஒரு பக்கம் மட்டும் 350 கிலோமீட்டருக்கு மேல். அதுவரை காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரிக்கும் பாகாயத்துக்கும் ஓட்டிப் பழகிய கை, ஒரே நாளில் அத்தனை தூரத்தைத் தாங்காது. அடுத்து வருகிற பெயர் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள், பக்கத்திலேயே இருக்கிறது, எல்லாம் சரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவுகளில் ஏறி இறங்கும் கார்களுக்கு நடுவே முதன்முறையாக மலை ஓட்டக் கற்றுக்கொள்வது கடினம்.

முதல் பயணத்துக்கு ஜவ்வாது மலையைச் சுற்றிவரும் வட்டமே சிறந்தது என்பது எங்கள் உறுதியான கருத்து. வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், போளூர், கண்ணமங்கலம், மறுபடி வேலூர். மொத்தம் 200 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இதற்குள் ஆறுவழி நெடுஞ்சாலை, கிராமச் சாலை, மலை ஏற்றம், காட்டுப் பாதை, மலை இறக்கம், எதிரே வண்டி வருகிற இருவழிச் சாலை என எல்லா வகையும் வந்துவிடும். வழியில் எங்கே வண்டி நின்றாலும் வேலூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்குள்தான். ஒரு குட்டியானையில் ஏற்றி ராத்திரிக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். முதல் பயணத்துக்கு அந்தத் தைரியம் வேண்டும்.

ஏன் இந்தத் திசையில்? காலையில் உடம்பும் மனசும் புதிதாக இருக்கும்போது நெடுஞ்சாலையில் வரிசை பிடித்து ஓட்டப் பழகிவிடலாம். மேற்கே போவதால் காலை வெயில் முதுகில்தான் விழும். மலையை நல்ல வெளிச்சத்தில் கடந்து, இருட்டுமுன் போளூர் சாலைக்கு வந்துவிடலாம். முதுகுப் பக்க வெயிலில் ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் கண் கூசாது, ஆனால் எதிரிலிருந்து வருகிறவருக்கும் நடுத்தடுப்பின் இடைவெளியில் சாலையைக் கடக்க நிற்கிறவருக்கும் நம்மைப் பார்க்கையில் கண் கூசும். அவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று எண்ணிப் போகக் கூடாது.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி. ஜனவரியில் பாலாற்றை ஒட்டிய பகுதிகளில் விடியற்காலைப் பனிமூட்டம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிக் கிளம்புங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மலைச்சாலையில் மண்ணையும் கல்லையும் கொண்டுவந்து போடும். ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு பழக்கமில்லாதவர் ஓட்டினால் மதியத்துக்குள் தலை சுற்றும்.

வண்டி 4 முதல் 6 வரை போதும். அதற்கு மேல் வந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, 15 நிமிட இடைவெளியில் விடுங்கள். 100 சிசி வண்டியும் 350 சிசி வண்டியும் ஒரே குழுவில் போகலாம், தடையில்லை. ஆனால் வேகம், நிறுத்தம், பெட்ரோல் மூன்றையும் குழுவின் சிறிய வண்டியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெரிய வண்டிக்காரர் 100ல் போய் முன்னால் காத்திருப்பதும், சின்ன வண்டிக்காரர் பிடிக்க முறுக்கிக்கொண்டு வருவதும்தான் பெரும்பாலான முதல் பயணங்களைக் கெடுக்கின்றன. காத்திருந்தவர் ஓய்வெடுத்துவிடுவார், வந்து சேர்ந்தவர் ஓய்வில்லாமல் மறுபடி கிளம்புவார். களைப்பு சின்ன வண்டிக்காரரிடமே சேர்ந்துகொண்டு போகும்.

சர்வீஸை முந்தின நாள் விடாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்னால் விட்டு, ஊருக்குள்ளேயே 100 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். மெக்கானிக் முறுக்க மறந்த போல்ட், சரியாக உட்காராத வாஷர், கசிகிற ஆயில் எல்லாம் இந்தத் தூரத்துக்குள் தெரிந்துவிடும்.

செயினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழியில் தகராறு தருவதில் அதற்கு முதலிடம். செண்டர் ஸ்டாண்டு போட்டு, கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான 100 முதல் 150 சிசி வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, எங்கே அதிக இறுக்கமோ அந்த இடத்தை வைத்து அளவு பிடியுங்கள். பின்னால் ஆளும் மூட்டையும் ஏறினால் செயின் இன்னும் இறுகும். ஏற்கெனவே இறுக்கமாக வைத்திருந்தால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங்கை அது தின்னும். தளர்வாக இருந்தால் பல் தாண்டும், கழன்று பின்சக்கரத்தையே பூட்டிவிடவும் கூடும். சரிசெய்யும்போது இரண்டு பக்கத்துக் கோடுகளும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் கோணலாக ஓடும். செயினின் இரு முனையையும் இணைக்கிற லாக் கிளிப் இருந்தால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். செயின் ஓடுகிற பல்சக்கரத்தின் (ஸ்பிராக்கெட்) பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல் ஆகியிருந்தால் செயினை மட்டும் மாற்றுவது வீண் செலவு, செட்டாகவே மாற்றுங்கள். எண்ணெய் விடுவதைக் கிளம்பும் காலையில் செய்யாமல் முந்தின இரவே, கொஞ்சம் ஓட்டிச் செயின் சூடாக இருக்கும்போது உட்புறமாக விடுங்கள். 90 நம்பர் கியர் ஆயிலே போதும். காலையில் விட்டால் அது உள்ளே இறங்காமல் தெறித்து டயரில் படியும்.

டயர் காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அளவு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ செயின் கவரிலோ ஒட்டியிருக்கும். பல 150 சிசி வண்டிகளுக்கு முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, ஆளோடு போனால் 32 பிஎஸ்ஐ. ஒரு மணி நேரம் ஓடிய டயரில் மூன்று நாலு புள்ளி கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். டியூப்லெஸ் டயரின் வால்வு ரப்பரை மடக்கிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிரேக்கில் டிஸ்க் பேடின் நடுக்கோடு தேய்ந்து மறைந்திருக்கிறதா, டிரம் பிரேக்கை மிதிக்கும்போது அம்புக்குறி எல்லைக் கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றாத பழுப்பு நிற ஆயில் மலை இறக்கத்தின் சூட்டில் கொதித்து, குமிழி விட்டு, லீவர் கைப்பிடி வரை வந்துவிடும்.

கிளட்ச் ஒயரும் ஆக்சிலேட்டர் ஒயரும் அறுந்தால் மலையில் வேறு வழியில்லை. புது ஒயரைப் பையில் போடுவதைவிட, பழைய ஒயர் போகிற வழியிலேயே அதையும் கோத்து, இரு முனையையும் டேப் சுற்றிக் கட்டிவையுங்கள். அறுந்தால் டேங்கைக் கழற்றாமல் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

சாமான்களைக் குழுவுக்குப் பொதுவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் பஞ்சர் கிட்டும் கால் பம்பும். இன்னொருவரிடம் 10, 12, 14, 17 ஸ்பேனர்கள், ஆக்ஸில் நட்டுக்கு ஏற்றது, பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், கொஞ்சம் கட்டுக்கம்பி. மூன்றாமவரிடம் முதலுதவிப் பெட்டியும் ஓஆர்எஸ் பொட்டலங்களும். பியூஸும் பிளக்கும் அவரவர் வண்டிக்கு அவரவர். ஸ்போக் சக்கர வண்டி இருந்தால் அந்த அளவு டியூப் கட்டாயம். மூட்டையைத் தாழ்வாகவும் உங்கள் முதுகை ஒட்டியும் கட்டுங்கள். பின்விளக்குக்கும் பின்னால் கனம் தொங்கினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். தொங்குகிற வார் ஒன்றுகூட இருக்கக் கூடாது. எலாஸ்டிக் கயிற்றின் கொக்கி கழன்று பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

ஹெல்மெட் இருவருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையோடு, தலையை ஆட்டினால் தனியாக ஆடாத அளவில். வார் மாட்டாத ஹெல்மெட் விழுந்த நொடியில் கழன்று போய்விடும். கைக்கு உறை, முழுக்கை ஜாக்கெட், தடித்த ஜீன்ஸ். காலுக்கு, கணுக்காலை மூடும் ஷூ. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்குப் பேர்போன ஊர்களை வைத்துக்கொண்டு வேலூர்க்காரர்கள் செருப்போடு நெடும்பயணம் போவதை ஏற்கவே முடியாது. ஓட்டுநர் உரிமம், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். எல்எல்ஆர் வைத்திருப்பவர் பின்னால் உட்கார்ந்து வரட்டும், ஓட்ட வேண்டாம்.

முந்தின இரவு எல்லாரும் சேர்ந்து 15 நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். முன்னால் போகிறவர் யார், கடைசியில் வருகிறவர் யார், எங்கெங்கே நிற்பது என்று அப்போதே முடிவாக வேண்டும். முன்னால் போகிறவர் நிதானமானவராகவும், கடைசியில் வருகிறவர் குழுவிலேயே அனுபவசாலியாகவும் கொஞ்சம் மெக்கானிக் வேலை தெரிந்தவராகவும் இருக்கட்டும். புதியவரும் சின்ன வண்டியும் இரண்டாவது இடத்தில். அப்போதுதான் முன்னால் போகிறவரின் கண்ணாடியில் அவர் எப்போதும் தெரிவார். வீட்டு எண்களையும் இரத்த வகையையும் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளுங்கள். வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள், மலையில் சிக்னல் வந்து வந்து போகும்.

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் ஆம்பூரில் ஒரு டீ, ஏழரைக்கு வாணியம்பாடி. நெடுஞ்சாலையில் 70, அதிகம் போனால் 75. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரமாகப் போய்விடலாம். அதற்கு முன்னால் வரும் அதிர்வுக் கோடுகளில் பிரேக் பிடிக்காமல் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள்.

வரிசை இப்படி: முதல் வண்டி தன் தடத்தின் வலப்பக்கம், இரண்டாவது இடப்பக்கம், மூன்றாவது மறுபடி வலப்பக்கம். நேர் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி இடைவெளி. அவர் ஒரு கம்பத்தைக் கடந்ததும் 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று சொல்லி முடிக்குமுன் நீங்கள் அதை அடைந்துவிட்டால் நெருக்கம் அதிகம். ஊருக்குள்ளும் மலையிலும் இந்த ஏற்பாட்டை விட்டு ஒற்றை வரிசை.

லாரியை முந்துவதில்தான் குழுவாகப் போகிறவர்கள் அதிகம் சிக்குகிறார்கள். முன்னால் போனவர் முந்திவிட்டார் என்பது உங்களுக்கு வழி இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்து, தன் இண்டிகேட்டர் போட்டு, தனித்தனியாக முந்த வேண்டும். முந்தியவர் உடனே வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருகிறவருக்கு உள்ளே வர இடம் இருக்காது, லாரிக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வார். எனவே முந்தியபின் இன்னும் நாலு வண்டிக்கு இடம் விட்டு முன்னே போய்விடுங்கள். இடது ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள், சர்வீஸ் ரோட்டிலிருந்து பார்க்காமல் ஏறும் டூவீலர்கள், எதிர்த்திசையில் வருகிறவர்கள் எல்லாம் அந்தச் சாலையில் தினமும் உண்டு. பாலங்களில் காற்று பக்கவாட்டில் தள்ளும். பிடியை இறுக்காமல் தோளைத் தளர்த்தி வையுங்கள், வண்டி தானாக நேராகும்.

ஒருவரும் தொலைந்துபோகாமல் இருக்க ஒரே ஒரு விதி போதும்: உங்களுக்குப் பின்னால் வருகிறவர் உங்கள் பொறுப்பு. கண்ணாடியில் அவர் தெரியவில்லையென்றால் மெதுவாகுங்கள். நீங்கள் மெதுவானதைப் பார்த்து உங்கள் முன்னால் இருப்பவரும் மெதுவாவார். அப்படியே அது முதல் வண்டி வரைக்கும் போய்ச் சேரும், போன் தேவையில்லை. திருப்பம் வருகிற இடத்தில், பின்னால் வருகிறவர் உங்களைப் பார்க்கும் வரை நின்று, பிறகு திரும்புங்கள். இந்த வட்டத்தில் முக்கியமாக இரண்டு இடங்கள்: வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு ஆலங்காயம் சாலை பிடிக்கிற இடம், பல சாலைகள் பிரிகிற ஜமுனாமரத்தூர்.

வாணியம்பாடியில் இட்லியோடு நிறுத்துங்கள். ஆம்பூர் சீரக சம்பா பிரியாணியை இன்னொரு நாள் அதற்கென்றே போய்ச் சாப்பிடலாம், வயிறு நிறைந்தபின் மலை ஏறினால் கண் சொருகும். எல்லா வண்டிக்கும் இங்கேயே டேங்க் நிரப்பிவிடுங்கள். மலையில் பங்க் கிடைக்கும் என்று நம்பி ஏறாமல், போளூர் வரை தாங்குமளவு பெட்ரோல் இருக்கிறதா என்று கணக்குப் பாருங்கள். சமதளத்தில் 50 தருகிற வண்டி ஏற்றத்தில் 40தான் தரும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு தவறாது.

ஆலங்காயத்துக்குப் பிறகு ஏற்றம். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து, கியரைக் குறைத்து, பிறகு திரும்புங்கள். ஆளோடு போகிற 100, 125 சிசி வண்டிக்கு ஏற்றத்தில் இரண்டாவது கியர், கொண்டை ஊசி வளைவில் சில நேரம் முதல் கியர். வளைவின் நடுவில் கியர் மாற்றுவதும் அரைக் கிளட்சில் இழுப்பதும் வேண்டாம். கிளட்ச் பிளேட் கருகும் வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். வண்டி இழுக்கவில்லையென்றால் 'மலையில் காற்று கம்மி' என்று யாராவது சொல்வார்கள். காவலூர் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர்தான், அந்த உயரத்தில் என்ஜின் திணறாது. கியர் தப்பாக இருக்கும், அல்லது கிளட்ச் வழுக்கும்.

இடப்பக்க வளைவில் உங்கள் தடத்தின் வெளிப்புறமாக நுழைந்து உள்ளே பார்த்துத் திரும்புங்கள். வலப்பக்க வளைவில் நடுக்கோட்டைக் குறுக்கே வெட்டுகிற ஆசை வரும், எதிரே பஸ் வரும். அரசுப் பேருந்துக்கு வளைவில் முழுச் சாலையும் வேண்டும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நின்று அதற்கு வழிவிடுங்கள். நீங்கள் இறங்கும்போது ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஓட்டுகிறவரின் தோளைப் பிடிக்காமல் இடுப்பைப் பிடித்து, வண்டி சாயும் பக்கமே சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் வண்டி வளைவை விட்டு வெளியே ஓடும்.

காவலூரில் மரங்களுக்கு மேலே வெள்ளைக் குவிமாடம் தெரியும். வைணு பாப்பு வானாய்வகம். 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986ல் இங்கே செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்பே 1977ல், யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று காட்டிய அவதானிப்புகளில் ஒன்று இந்த மலையிலிருந்து நடந்தது. வடாற்காட்டுக்காரர்கள் பெருமையோடு நின்று பார்க்க வேண்டிய இடம்.

ஜமுனாமரத்தூரில் இரண்டு மணி நேரமாவது ஓய்வு. மலைவாழ் மக்களிடம் தேன், சாமை கிடைக்கும், பருவத்தில் சீத்தாப்பழமும். அவர்கள் ஊர் வழியாகப் போகும்போது 30க்கு மேல் வேண்டாம், ஆடுமாடும் குழந்தைகளும் சாலையில்தான் இருப்பார்கள். சைலன்சரை மாற்றிச் சத்தம் போடுகிற வண்டியைக் குழுவில் சேர்க்காதீர்கள். குடி கூடவே கூடாது, ஒரு பீர்கூட. குடித்தவர் அன்றைக்கு இனி ஓட்டமாட்டார் என்பதை முந்தின இரவே பேசி வைத்துவிடுங்கள்.

இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கலாம். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டால் என்ஜினின் பிடி போய், முழு எடையும் பிரேக் மேல் விழும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராமல், பிடித்து விட்டுப் பிடித்து விட்டு இறங்குங்கள். மிதி ஆழமாகப் போனாலோ கருகிய வாடை வந்தாலோ 15 நிமிடம் நில்லுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும். வளைவின் உட்புறத்தில் சரளை மண்ணும் காய்ந்த இலையும் சேர்ந்திருக்கும், அதன்மேல் முன்பிரேக்கைத் தொடாதீர்கள்.

டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால், பஞ்சர் கிட்டைத் தயாராக வைத்த பிறகே பிடுங்குங்கள். துளையைக் கிட்டில் உள்ள சுரசுரப்பான கம்பியால் (ரீமர்) நன்றாகச் சுத்தம் செய்து, பசை தடவிய கயிற்றை ஊசியில் கோத்து மூன்றில் இரண்டு பங்கு உள்ளே தள்ளி, ஊசியை வெடுக்கென்று இழுங்கள். வெளியே மூன்று நாலு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, காற்றடித்து, எச்சில் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். பஞ்சர் கடைக்குப் போகும் வரை 50க்குள் ஓட்டுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் எதையும் பிரிப்பதற்கு முன் என்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு, பெட்ரோல், பியூஸ் என்ற வரிசையில் பாருங்கள். பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும்.

யாராவது விழுந்தால் முதலில் பின்னால் வருகிற வண்டிகளைத் தடுக்க ஒருவரை 50 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். மூச்சு விடுவதில் சிரமம் இருந்தாலொழிய ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், கழுத்து எலும்பு அடிபட்டிருக்கலாம். 108க்கு அழையுங்கள், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033ம் உண்டு. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். பணத்துக்காக ஒரு நிமிடமும் தயங்க வேண்டாம்.

போளூரில் மூன்றரைக்கு டீயும் தண்ணீரும். கடைசி 50 கிலோமீட்டர் சுலபமானதாகத் தெரியும், ஆபத்தும் அங்கேதான். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், சாலையில் உலர்த்திய நெல், கிராமத்துக்கு முன்னால் வர்ணமடிக்காத வேகத்தடைகள், நேர் எதிரே வருகிற பஸ். யாராவது கியர் தப்பவிடத் தொடங்கினாலோ, இண்டிகேட்டரை அணைக்க மறந்தாலோ, முன்வண்டியின் பின்விளக்கையே வெறித்துக்கொண்டு வந்தாலோ அவருக்குக் களைப்பு வந்துவிட்டது. கடைசியில் வருகிறவர் இதைக் கவனித்துக் குழுவை நிறுத்த வேண்டும். கண்ணமங்கலத்தில் இன்னொரு பத்து நிமிடம் நிற்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஐந்தரைக்குள் வேலூர் வந்துவிடலாம்.

மறுநாள் வண்டியைக் கழுவுவதற்கு முன் ஆயில் அளவைப் பாருங்கள். 200 கிலோமீட்டரில் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் அடுத்த பயணத்துக்குத் தேதி குறிக்க வேண்டாம். டயரில் குத்தி நிற்கிற சிறு கம்பிகளைத் தேடுங்கள், இரண்டு ஆக்ஸில் நட்டுகளையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். மாலையில் எல்லாரும் ஒருமுறை கூடி, இரண்டாவது இடத்தில் வந்த புதியவரிடம் எந்த இடத்தில் வேகம் அதிகமாகத் தோன்றியது என்று கேளுங்கள். அடுத்த முறை அந்த இடத்தில் அதைவிடக் குறைவாக ஓட்டுங்கள்.